புலி பார்க்கப் போன கேப்டன்

சென்னையின் வெளிவட்டச் சாலையை மேப்பில் பார்த்திருக்கிறீர்களா? 62 கிலோமீட்டர். ஒரு முனை மீஞ்சூர், மறுமுனை வண்டலூர். 2021-ல் முழு நீளமும் திறந்தாயிற்று. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஊருக்குள் நுழைந்து உயிரை வாங்கக்கூடாது என்பதற்காகப் போட்ட ரோடு என்று இன்ஜினீயர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். இந்தக் கோடியில் ஏரியும் மீனும், அந்தக் கோடியில் காடும் புலியும். எல்.கே.ஜி. புத்தகத்தில் முயலிலிருந்து கேரட் வரைக்கும் பென்சிலால் கோடு இழுக்கச் சொல்வார்களே, அந்தப் பக்கத்தை யாரோ நெடுஞ்சாலைத்துறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களும் சின்சியராக இழுத்துவிட்டார்கள்.

போன ஜனவரியில் ஒரு புதன்கிழமை, அந்தக் கோட்டின் மேல் ஒரு மினி பஸ்ஸில் போய் வந்தேன். பஸ்ஸில் 11 பிள்ளைகள், 9 அம்மாக்கள், ஒரு ஆயா, ஒரு அப்பா, ஒரு ஸ்பெஷல் டீச்சர், அப்புறம் நான். பிள்ளைகளில் பாதிப் பேர் மீஞ்சூர், மீதி பழவேற்காடு பக்கத்துக் குப்பங்கள். எல்லோரும் 'சிறப்புத் தேவை' உள்ள குழந்தைகள் என்று சர்ட்டிஃபிகேட் வைத்திருப்பவர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது டீச்சரின் கண்டிஷன். அந்தக் கணக்கில் நான் உபரி. பி.காம். படித்தவன் என்று தெரிந்தால் எந்தக் கூட்டத்திலும் பணப்பையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். டோல், டிக்கெட், டீ, வாந்திக்கு எலுமிச்சம்பழம் என்று எழுதிக்கொண்டே வருவதுதான் என் உத்தியோகம்.

பெயர்களைப் போடப் போவதில்லை. பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம். 9 வயது கேப்டன், குப்பத்துப் பையன், ஆட்டிசம், பேச்சு கிடையாது. கையில் எப்போதும் ஒரு முழம் வலைக் கயிறு வைத்திருப்பான். 13 வயது ராஜா, மூளை முடக்குவாதம், வீல்சேர். டவுன் சிண்ட்ரோம் உள்ள 12 வயதுப் பெண் ஒருத்தி; பஸ் கிளம்பியதிலிருந்து எல்லாரையும் பெஞ்சில் ஏற்றாத குறையாக அதட்டிக்கொண்டு வந்ததால் டீச்சரம்மா. நிஜ டீச்சரே அவளிடம் பர்மிஷன் கேட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

இந்தப் பயணம் கிளம்பியதற்குக் காரணம் புலி இல்லை. கேப்டனின் பள்ளிக்கூடம்.

எந்தப் பள்ளி என்பது வேண்டாம். சாதாரணப் பள்ளிதான். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துத்தான் அவனைப் படிக்க வைக்கிறார்கள், அந்த மட்டும் சந்தோஷம். வகுப்பு டூர் என்று அறிவித்தார்கள். அவன் அம்மா 350 ரூபாய் கட்டினார். புதுச் சட்டை எடுத்தார். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, தினமும் ஒரு கட்டமாக அடித்துக் காட்டிக்கொண்டு வந்தார். கேப்டனுக்கு எதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் கூப்பிட்டு, "பாவம்மா, அவன் கஷ்டப்படுவான், கூட்டம் தாங்க மாட்டான், வீட்ல இருக்கட்டும்" என்று கவரில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 350 ரூபாய், பைசா குறையாமல். எங்கள் காமர்ஸ் பாஷையில் இதற்கு ரிவர்சல் என்ட்ரி என்று பெயர். பற்றுக்கு ஒரு வரவு எழுதினால் கணக்கு நேராகிவிடும். காலண்டரில் போட்ட வட்டத்துக்கு எந்தப் பக்கம் எழுதுவது என்று எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மறுநாள் காலை 5 மணிக்கு அவன் புதுச் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றானாம். பத்து மணி வரை நின்றானாம்.

இதைக் கேட்டதும் "எவ்வளவு அநியாயம்" என்று உச்சுக் கொட்டத் தோன்றுகிறதில்லையா? பொறுங்கள். இது அபூர்வமான சங்கதியே இல்லை. பஸ்ஸில் வந்த அம்மாக்களில் ஆறு பேர் இதே கதையை வெவ்வேறு தொகையில் சொன்னார்கள். வருஷம் பூராவும் அட்டெண்டன்ஸ் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. ஆண்டு விழா, விளையாட்டு விழா, டூர் மூன்றுக்கும் 'பாவம், வீட்ல இருக்கட்டும்'. என்னைக் கேட்டால் ஒரு பள்ளி எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள வகுப்பறைக்குப் போய் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. டூர் பஸ்ஸை எண்ணினால் போதும்.

சட்டம் இருக்கிறது. 1995-ல் வந்த பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம் உள்ளே வந்தது அதில்தான். அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு பணம் கொடுக்கும் அல்லது அங்கீகாரம் கொடுக்கும் கல்வி நிலையங்கள் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்போடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. 29-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய் சாரணர் இயக்கம், நடனம், ஓவிய வகுப்பு, வெளியிட முகாம், சாகச நடவடிக்கை என்று பட்டியலே போடுகிறது. சட்டப் புத்தகத்தில் சாகசம் என்கிற வார்த்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்பெனிச் சட்டத்தில் எல்லாம் அது கிடையாது. அங்கே நடப்பதெல்லாம் சாகசம் என்றாலும்.

டீச்சர் சட்டம் பேசுகிறவர் இல்லை. "சரி, நாமளே போவோம்" என்றார். அவ்வளவுதான்.

ஏன் வண்டலூர்? கிண்டி சிறுவர் பூங்கா 2024-ல் புதுப்பித்துத் திறந்தது, ஜோராக இருக்கிறது. ஆனால் சென்னை டிராஃபிக்கைத் தாண்டிப் போகவேண்டும். ரயிலில் போகலாமென்றால் சென்ட்ரலில் இறங்கி ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷன். அந்தக் கூட்டத்தில் இரண்டு காலும் இரண்டு கையும் ஒழுங்காக வேலை செய்கிறவனே தொலைந்து போகிறான். வெளிவட்டச் சாலையில் ஏறினால் நேராக வண்டலூர். அதுவும் வெறும் மிருகக்காட்சி சாலை இல்லை. காப்புக்காட்டில் அமைத்த பூங்கா, 602 ஹெக்டேர். ஓட ஆசைப்படுகிற பையன் ஓடலாம்.

ஆயாவிடம் வண்டலூர் என்றபோது புரியவில்லை. யாரோ விளக்கியதும், "உயிர் காலேஜுன்னு சொல்லுங்களேன்டி" என்றார். பழைய மெட்ராஸ்காரர்களுக்கு எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். 1855-ல் மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட டாக்டர் எட்வர்ட் பால்ஃபோர், செத்த மிருகங்களைவிட உயிருள்ளதைப் பார்க்கத்தான் ஜனம் அலைமோதுகிறது என்று கண்டுபிடித்தார். அப்படித் தொடங்கிய உயிர் காலேஜ், பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், அங்கே இடம் போதாமல் 1985-ல் வண்டலூரில் குடியேறியது. ஆயா சின்னப் பெண்ணாக மூர் மார்க்கெட் பக்கம் பார்த்த புலிக்குக் கூண்டு ரொம்பச் சின்னதாம். "திரும்பக்கூட எடமில்ல பாவம். நம்ம வூடு மாதிரி" என்றார்.

டீச்சர் ஒரு மாதம் முன்பே தனியாக ஒரு நடை போய் போட்டோ எடுத்து வந்திருந்தார். புலி, நீர்யானை போட்டோ இல்லை. டிக்கெட் கவுன்டர், நுழைவாயில், பாதை, குடிநீர்க் குழாய், கழிப்பறை வாசல், சாப்பிட உட்காரும் இடம், திரும்பி ஏறும் பஸ். இதை ஆல்பமாக ஒட்டி ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நாள் விட்டுவைத்தார். முதலில் இது, அடுத்து இது, கடைசியில் வீடு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் புது இடத்தை இப்படிக் கதையாகச் சொல்லிப் பழக்குவதை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேரல் கிரே என்ற ஆசிரியை ஒரு முறையாகவே வகுத்தார். இன்றைக்கு உலகம் பூராவும் செய்கிறார்கள். செலவு, பிரிண்ட் போட்ட காசு. என் நோட்டில் இருக்கிறது: 264 ரூபாய்.

நாள் குறிப்பதிலும் விஷயம் இருக்கிறது. சனி, ஞாயிறு கூட்டம். செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு வார விடுமுறை. ஆகவே புதன். காலையில் கதவு திறக்கும்போதே நுழைந்துவிட வேண்டும், மத்தியானத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். பார்க்க வேண்டிய இடம் நாலே நாலு. "நாப்பது மிருகம் காட்டினா நமக்குத்தான் சார் காசுக்குப் பார்த்த திருப்தி. அதுங்களுக்குத் தலைவலி."

பாதி வழியில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினோம். பெயர் சொல்ல மாட்டேன், பெரிய கடை. வாசலில் நீல நிறத்தில் வீல்சேர் படம் போட்ட போர்டு. ராஜாவின் அம்மா முகம் மலர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் மூன்று படி. படி ஏறினால் வீல்சேர் கழிப்பறை. இதை வடிவமைத்த மனிதரை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன். நாலு பேராகத் தூக்கி ஏற்றினோம். பூட்டு. சாவி சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசர் டிபன் சாப்பிடப் போயிருந்தார். ஒரு வழியாக வந்து திறந்தார். உள்ளே தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை. "யாரும் வர்றதில்ல சார், அதான் ஸ்டாக் வெச்சிருக்கோம்." யாரும் வராததால் பூட்டியிருக்கிறதா, பூட்டியிருப்பதால் யாரும் வரவில்லையா? கோழி-முட்டை பிரச்சினையைவிட இது சுலபம். பதில் தெரியும்.

ராஜாவின் அம்மா சண்டை போடவில்லை. பஸ்ஸுக்குப் போய்ப் பையிலிருந்து ஒரு பழைய புடவையை எடுத்தார். இரண்டு அம்மாக்கள் பிடித்துக்கொள்ள, பஸ்ஸின் மறைவில் வேலை முடிந்தது. "இதுக்குன்னே ஒரு பொடவ வெச்சிக்கீறேன் சார். எங்க போனாலும் வரும்" என்றார். சொல்லும்போது மடித்துக்கொண்டிருந்தார், முனைக்கு முனை சரியாக. 13 வயசுப் பையன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பேச்சு தெளிவாக வராதே தவிர, எல்லாம் தெரியும். அடுத்த 20 கிலோமீட்டர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். டீச்சரம்மா மட்டும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரையும் அதட்டாமல் வந்தாள்.

*

வண்டலூர். வீல்சேரை யார் தள்ளுவது என்று உள்ளே நுழைந்ததும் ஒரு பேச்சு. பழவேற்காட்டு அம்மாக்கள் உடனே முடிவு செய்துவிட்டார்கள்: பாடு. உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் எந்த ஊர் என்றைக்கு வலை போடலாம் என்று குப்பங்கள் முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அதே மாதிரி, இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரை நீ, அப்புறம் நான். ஆராய்ச்சியாளர்கள் பழவேற்காட்டுப் பாட்டைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். வீல்சேருக்குப் பாடு வைத்ததை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நான் எழுதிவிட்டேன்.

நீர்யானை, முதல் வெற்றி. அது கொட்டாவி விட்டதும் ராஜா சத்தம் போட்டுச் சிரித்தான். கழிப்பறை விஷயத்துக்கப்புறம் முதல் சிரிப்பு. அது மறுபடி கொட்டாவி விடும்வரை நகர மாட்டேன் என்றுவிட்டான். நகரவில்லை. 25 நிமிஷம்.

சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் நின்றிருந்தது. நீர்யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. வெறித்துப் பார்ப்பதற்கு டிக்கெட் வாங்கித்தான் எல்லாரும் உள்ளே வருகிறோம், அதற்காக இப்படியா? அந்தக் குடும்பத்துப் பெரியவர் நல்ல மனசுக்காரர், பார்த்தாலே தெரிந்தது. கிட்டே வந்து ராஜாவின் மடியில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்தார். ராஜாவின் அம்மா அதை எடுத்து மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். "காசு வேணாம் சார். கொஞ்சம் தள்ளிக்கினீங்கன்னா போதும். அவனுக்கு மறைக்குது."

அடுத்தது வெள்ளைப் புலி என்று திட்டம். அங்கேதான் கேப்டன் பொங்கினான்.

காரணம் சின்னது. பின்னால் வந்த பேட்டரி வண்டியின் ஹாரன், அதே நொடியில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தின் விசில். காதைப் பொத்திக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தான், அப்புறம் படுத்தான், அப்புறம் அலறல். கையைக் கடித்துக்கொண்டான். டீச்சர் எனக்கு முன்பு ஒரு தடவை விளக்கியிருந்தார்: "நமக்குப் பத்துச் சத்தம் ஒண்ணா வந்தா மூளை ஒன்பதைத் தள்ளிடும். அவனுக்குப் பத்தும் ஒரே வால்யூம்ல வரும். நீங்க ஸ்பீக்கர் உள்ள தலையை விட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்." அடம் வேறு, இது வேறு. அடம் பிடிக்கிற பிள்ளை நடுநடுவில் நம் முகத்தைப் பார்க்கும். இவன் யாரையும் பார்க்கவில்லை.

கூட்டம் கூடியது. தமிழ்நாட்டில் இலவச ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. "ரெண்டு போடுங்க, சரியாயிடும்." "சாமி வந்திருக்கும்மா." "செல்லுல எதாவது போட்டுக் காட்டுங்க." ஒருவர் நிஜமாகவே செல்லில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். கேப்டனின் அம்மா தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தொடவில்லை, பேசவில்லை, சும்மா உட்கார்ந்தார். மற்ற அம்மாக்கள், யாரும் சொல்லாமலே, அவர்கள் இரண்டு பேரையும் சுற்றி வட்டமாக நின்றார்கள். முதுகை உள்பக்கம் காட்டி, முகத்தை வெளிப்பக்கம் காட்டி. ஆயா வீடியோக்காரரை ஒரு பார்வை பார்த்தார். செல் தானாகப் பாக்கெட்டுக்குள் போனது.

14 நிமிஷம். நான் கணக்குப் பிள்ளை, மணி பார்த்தேன்.

அடங்கினதும் டீச்சர் சொன்னது: "புலி கட். வேற எங்க சத்தம் இல்லாம இருக்கும்?"

பூங்காவுக்குள்ளேயே ஓட்டேரி ஏரி இருக்கிறது. எங்கள் நாலு இடத்தில் அது இல்லை. மற்றவர்களை ஒரு மரத்தடியில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு விட்டுவிட்டு, கேப்டன், அவன் அம்மா, டீச்சர், நான் நாலு பேரும் போனோம். தண்ணீரைப் பார்த்ததும் அவன் நடை மாறிவிட்டது. பிறந்ததிலிருந்து ஏரிக்கரை. வண்டலூர் வந்து அவனுக்குத் தெரிந்த ஒரு பொருளை அப்போதுதான் பார்க்கிறான்.

பட்டுப்போன மரக்கிளையில் ஒரு நீர்க்காகம். மீனுக்கு முங்கி எழுந்துவிட்டு இறக்கை இரண்டையும் விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மற்ற நீர்ப்பறவைகளைப் போல அதன் இறகில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடாது, நனையும். நனைந்தால்தான் ஆழமாக முங்க முடியும். அப்புறம் சட்டையைக் கொடியில் போட்ட மாதிரி விரித்துக் காட்ட வேண்டும். டிக்கெட்டில் சேராத பறவை. கூண்டு கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. பழவேற்காட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

கேப்டன் கயிற்றை அம்மாவிடம் கொடுத்தான். "தூங்கும்போதுகூடக் குடுக்க மாட்டான் சார்" என்று அவர் என் காதில் சொன்னார். கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தான். நின்றான். அது இறக்கையை லேசாக ஆட்டியபோது இவனும் ஆட்டினான். கையை உதறுவது அவன் பழக்கம். 'உதறாதே, உதறாதே' என்றுதான் எல்லோரும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை. அந்தப் பறவை கிளம்பும்வரை நின்றான். அது இரண்டு தடவை முங்கிவிட்டு வந்து அதே கிளையில் உட்கார்ந்தது. எங்களில் யாரும் பேசவில்லை. எனக்கு மணி பார்க்கத் தோன்றவில்லை.

மரமும் தண்ணீரும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர், கவனக்குறைவுப் பிரச்சினை உள்ள 17 பிள்ளைகளை ஒரு நாள் பூங்காவிலும் இன்னொரு நாள் ஊர்த் தெருக்களிலும் 20 நிமிஷம் நடக்க வைத்துப் பரிசோதித்தார்கள். பூங்காவில் நடந்த அன்றைக்கு மனசை நிறுத்திச் செய்யும் வேலை நன்றாக வந்தது. ஜப்பான்காரர்கள் 1982-லேயே 'காட்டுக் குளியல்' என்று இதற்குப் பெயர் வைத்து அரசாங்கமே ஊக்குவித்தது. 17 பிள்ளைகளை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது, சாம்பிள் சைஸ் சின்னது என்று என் புள்ளியியல் வாத்தியார் திட்டுவார். சரி, 18 என்று வைத்துக்கொள்ளட்டும்.

திரும்பி மரத்தடிக்கு வந்தபோது டீச்சரம்மாவின் ரிப்போர்ட் தயாராக இருந்தது. அந்த இடைவெளியில் ஒரு குழு போய்ப் புலியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. புலி தூங்கிக்கொண்டிருந்ததாம். "ஏய், எழுந்திரு, கிளாஸ் நடக்குதில்ல?" என்று இவள் அதட்டினாளாம். ஒரு காதை மட்டும் ஆட்டியதாம். "குட்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஒரு அம்மாவைக் காணோம். கொஞ்ச தூரத்தில் வேறொரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய பெண்ணை ஆயா பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லையோ என்று கேட்டதற்கு டீச்சர், "விடுங்க சார். தனியா உக்காந்து ஏழு வருஷம் ஆச்சாம்" என்றார்.

எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, ஆயா கொண்டுவந்த இறால் தொக்கு. ராஜாவின் அம்மா ஊட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார். "சார், இந்தப் புலிக்கெல்லாம் யாரு சோறு போடுறது?"

"அரசாங்கம்தான். யாராவது பணம் கட்டித் தத்தும் எடுத்துக்கலாம். சினிமா நடிகர்கள்கூட எடுத்திருக்காங்க."

"வயசானா?"

"வயசானாலும் இங்கதான். டாக்டர் இருக்காரு, ஆஸ்பத்திரி இருக்கு."

"கடைசி வரிக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்தார். ராஜாவுக்கு 13. இலவசக் கல்வி உரிமை 18 வயதோடு சரி. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகையை 2023 ஜனவரியில் மாதம் 1,500-லிருந்து 2,000 ரூபாய் ஆக்கினார்கள். 30-ஆல் வகுத்தால் நாளைக்கு 66 ரூபாய் சொச்சம். பையன் 38 கிலோ. அவனை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறார் என்று நான் கேட்கவில்லை. வகுக்க ஆரம்பித்துவிடுவேன்.

மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன், யாராவது செய்ய நினைத்தால் உபயோகமாக இருக்கும். பஸ் வாடகை, டோல், டிக்கெட், சில்லறை எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம். சாப்பாடு அவரவர் வீடு. பஸ் எடுக்க வசதியில்லாதவர்கள், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளியும் துணைக்கு ஒருவரும் இலவசமாகப் போகலாம் என்று 2021-ல் வந்த உத்தரவை நினைவில் வைத்துக்கொள்ளவும். போகும் இடத்தில் கழிப்பறை வாசல் எத்தனை படி, சாவி யாரிடம் என்பதை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரவும். புலி எங்கேயும் ஓடிப்போகாது. பழைய புடவை ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளவும். பாதியில் திட்டத்தைத் தூக்கிப் போடத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருக்க வேண்டும். அது கிடைப்பதுதான் கஷ்டம்.

போன வாரம் கேப்டனின் பள்ளியிலிருந்து சர்க்குலர் வந்திருக்கிறது. இந்த வருஷம் டூர். கட்டணம் 400 ரூபாய். அவன் அம்மா 400 ரூபாயைக் கவரில் போட்டு, கூடவே 16-வது பிரிவை ஜெராக்ஸ் எடுத்து, டீச்சரிடம் கேட்டு அந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டுப் பின் அடித்து வைத்திருக்கிறார். துணைக்கு நானும் வருகிறேன், என் கட்டணத்தையும் கட்டுகிறேன் என்று ஒரு கடிதம். எழுத்து கோணல்மாணல், விஷயம் நேராக இருந்தது.

சர்க்குலரை வாங்கிப் பார்த்தேன். இடம்: வண்டலூர் உயிரியல் பூங்கா. நாள்: செவ்வாய்க்கிழமை.

"அக்கா, செவ்வாய்க்கிழமை அங்க லீவாச்சே, ஸ்கூல்ல சொல்லலியா?" என்றேன்.

"மொதல்ல பணத்த வாங்கிக்கினு பேர எழுதட்டும் சார்" என்றார். "அப்பறமா சொல்றேன்."